அறுபது போதும்

6 செப்டம்பர் 2025, சனி

இன்றைக்கும் தோற்றோம். தோற்றதுகூடப் பரவாயில்லை, தோற்றது என்னால் என்று தனுஜா சொல்லாமல் சொன்னாள் பாரு, அதுதான் ஆறவில்லை.

கம்ப்யூட்டரில் ஆடும் துப்பாக்கிச் சண்டை ஆட்டம், வழக்கம்போல சனிக்கிழமை ஐந்து மணிக்கு. அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்தால் மஃரிப் தொழுகைக்குள் முடிந்துவிடும், எனக்காகவே வைத்த நேரம். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர், எல்லாரும் அவரவர் வீட்டிலிருந்து. பன்னிரண்டு ரவுண்டு ஒரு பாதி, பிறகு பக்கம் மாறி இன்னொரு பாதி. முதலில் பதிமூன்று ரவுண்டு எடுக்கிறவர்களுக்கு வெற்றி. என் வேலை வாசலைப் பிடிப்பது. எதிராளி தலையை நீட்டினால் அவன் சுடுவதற்குள் நான் சுட்டிருக்க வேண்டும். முதல் பாதியில் ஒன்பது பேரைத் தூக்கினேன். இரண்டாம் பாதியில் இரண்டே இரண்டு. அவன் தலை எனக்குத் தெரியும்போது நான் ஏற்கெனவே செத்துக் கிடக்கிறேன்.

முடிந்ததும் தனுஜா மட்டும் லைனில் நின்றாள். எங்கள் டீம் கேப்டன், கடலுக்கு அந்தப் பக்கம் பாகான் டாலாம் ஊர்ப் பெண், இருபத்து நான்கு வயசு. "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. பாதிக்கு மேல நீங்க ஸ்லோ ஆயிடுறீங்க, லா" என்றாள். அக்டோபர் பதினொன்று டோர்னமென்ட். அடுத்த இரண்டு சனிக்கிழமை என் இடத்தில் மோகனராஜ் ஆடட்டுமாம், இருபத்தேழாம் தேதி நான் ஆட வேண்டுமாம், பிறகு யார் என்று முடிவாம். மோகனராஜ் லாரி கம்பெனியில் கணக்குப் பார்க்கும் தம்பி, இருபத்தாறு வயசு. உடனே தனியாக மெசேஜ் போட்டான், "சாரி அக்கா" என்று. கோபப்படக்கூட வழி வைக்காத பிள்ளை.

எனக்கு நாற்பத்தொன்று. அதைத்தான் சொல்கிறாள். வயசு என்ற வார்த்தையை மட்டும் மரியாதைக்கு விட்டுவிட்டாள்.

7 செப்டம்பர், ஞாயிறு

காலையில் காபி குடிக்காமல் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

இந்த கம்ப்யூட்டர் என் மகன் இர்வானுடையது. ஜொகூருக்குப் படிக்கப் போனபோது லேப்டாப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். சும்மா கிடக்கிறதே என்று உட்கார்ந்தவள்தான், ஒன்றரை வருஷமாக எழுந்திருக்கவில்லை. மானிட்டர் மட்டும் புதுசு, கல்யாண நாளுக்கு இவர் வாங்கிக் கொடுத்தது. பெட்டியில் 240 என்று போட்டிருந்ததாம். "நம்ம ஊரு கரன்ட் இருநூத்தி நாப்பதுதானே, அதான் சரியா பார்த்து வாங்கினேன்" என்றார். வோல்ட் என்று நினைத்து கடையிலேயே நல்ல மானிட்டரைத் தூக்கிக்கொண்டு வந்த மனுஷன் என் புருஷன் பஷீராகத்தான் இருப்பார். நான் சிரித்த சிரிப்பில் மூன்று நாள் பேசவில்லை.

ஆக, இந்த ஸ்கிரீன் ஒரு விநாடிக்கு இருநூற்று நாற்பது படம் காட்டும். ஆனால் படத்தை வரைந்து கொடுக்க வேண்டியது உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டு. ஏழு வருஷப் பழைய கார்டு, நூற்றுப்பத்துக்கு மேல் மூச்சு விடாது. படத் தரத்தைக் குறைத்துப் பார்த்தேன், எண்ணிக்கை ஏறியது. அப்படியென்றால் இழுத்துப் பிடிப்பது கார்டுதான், பிராசசர் இல்லை. எதிராளி இருநூற்று நாற்பதில் என்னைப் பார்க்கிறான், நான் அவனை அதில் பாதியில் பார்க்கிறேன். கார்டை மாற்றினால் சரியாகிவிடும்.

சரியாகிவிடுமா? மாற்றிய பிறகும் செத்து விழுந்தால் அப்புறம் எதன் மேல் பழி போடுவேன்? இப்போதாவது கார்டு என்று சொல்லிக்கொள்ளலாம்.

9 செப்டம்பர், செவ்வாய்

வேலை முடிந்து நேரே கம்ப்யூட்டர் மாலுக்குப் போனேன். அஸ்லான் கடை. கார்டுகளுக்கு நீளநீளமாகப் பேர் இருந்தாலும் கடையில் கடைசி இரண்டு எண்ணைத்தான் சொல்கிறார்கள். அறுபது, எழுபது, எண்பது. எண் ஏற ஏற வேகமும் ஏறும், விலையும் ஏறும், சூடும் ஏறும்.

இர்வான் போனில், "எண்பது வாங்குங்கம்மா, யோசிக்காதீங்க." அஸ்லான், "எழுபது எடுங்க அக்கா, அறுபது எல்லாம் ஸ்கூல் பசங்களுக்கு." இவர், "எதுல கேரண்டி ஜாஸ்தி?"

வீட்டில் பெட்டிக்குள் டேப் வைத்து அளந்தேன். முப்பது சென்டிமீட்டர் இடம். எண்பது தலைகீழாக நின்றாலும் நுழையாது. எழுபதில் இரண்டு ஃபேன் வைத்த குட்டை மாடல் ஒன்று மட்டும் நுழையும். அறுபதில் மூன்று ஃபேன் வைத்த நீள மாடல் இருபத்தொன்பது, மயிரிழையில் நுழையும். வேகத்தைப் பார்த்தால் எழுபதுதான். கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது.

11 செப்டம்பர், வியாழன்

மத்தியானம் கண்ணாடிக் கடைக்குப் போனேன். பவர் கூடியிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

16 செப்டம்பர், செவ்வாய்

மலேசியா தினம், லீவு. என் பேச்சை நானே கேட்டிருக்கக் கூடாது.

பெர்ரி ஏறி பாகான் டாலாமுக்குப் போனேன். தனுஜா வீட்டில் எண்பது கார்டு போட்ட மெஷின் இருக்கிறது. அதில் ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்தால் தெரிந்துவிடும், கோளாறு மெஷினிலா என்னிலா என்று. பத்து நாளாக அதற்குப் பயந்துகொண்டுதான் போகாமல் இருந்தேன்.

ஆடினேன். முதல் ரவுண்டிலிருந்தே சொதப்பல். அப்படி ஒரு கேவலமான ஆட்டம் நான் ஆடத் தொடங்கின மாசத்தில்கூட ஆடினது இல்லை. தனுஜாவின் அம்மா பக்கத்தில் வந்து நின்று தட்டில் முறுக்கு வைத்து, "நல்லா விளையாடுறியேம்மா" என்கிறார். தனுஜா முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். ஏதாவது சொல்லியிருக்கலாம்.

திரும்பி வரும்போது பெர்ரியில் அழுதேன். ஆமா, அழுதேன், எழுதி வெச்சா என்ன. ஒரு விளையாட்டுக்குப் போய் அழுவாங்களான்னு யாராவது கேட்டா கேட்டுட்டுப் போகட்டும். பதினெட்டு வருஷமா ஃபேக்டரி, வீடு, புள்ளன்னு ஓடினேன். எனக்குன்னு ஒண்ணு கிடைச்சது, அதுல நான் கெட்டிக்காரியாவும் இருந்தேன். அதையும் இந்தக் கண்ணும் கையும் பிடுங்கிக்குதுன்னா எரியாதா?

இவர் சோறு போட்டுக் கொடுத்தார். "என்னாச்சு புள்ள?" என்று ஒரு தடவைதான் கேட்டார்.

17 செப்டம்பர், புதன்

மடச்சி. சுத்த மடச்சி நான்.

பாயான் லெப்பாஸில் பதினெட்டு வருஷமாக சிப் டெஸ்டிங். புதுசாக வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாள் நான் சொல்வதே, "ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் மாத்து" என்பதுதான். நேற்று என்ன செய்தேன்? நாற்காலி வேற, மௌஸ் வேற, மேசை உயரம் வேற, மெஷின் வேற, பத்தாததற்கு பக்கத்தில் முறுக்குத் தட்டு. அதுவா டெஸ்ட்? என் லைனில் எவனாவது இப்படி ரிப்போர்ட் கொடுத்திருந்தால் முகத்தில் எறிந்திருப்பேன்.

இன்னொன்று. நேற்று முதல் ரவுண்டிலிருந்தே மோசம். வீட்டில் அப்படி இல்லை. ஃபெயில் ஆகிற விதமே வேற. கேன்டீனில் உட்கார்ந்து பழைய ஆட்டங்களைப் போனில் எடுத்துப் பார்த்தேன், முப்பத்தொன்று இருந்தது. ஞாயிறு காலை ஆடியதில் கடைசிவரை நன்றாக இருக்கிறேன். சனி சாயங்காலம் ஆடியதில் இருபதாவது நிமிஷத்துக்கு மேல் விழுகிறேன். வயசு என்ன சனிக்கிழமை மட்டும் ஏறுமா?

எங்கள் ஃபேக்டரியில் ஒரு சிப் வெளியே போவதற்கு முன் மூன்று பரீட்சை எழுத வேண்டும். குளிரில் ஒன்று, சாதாரண அறையில் ஒன்று, சூட்டில் ஒன்று. அறையில் ஜம்மென்று ஓடியது சூட்டில் மண்ணைக் கவ்வும். அதனால் ஹாட் டெஸ்ட் தாண்டாததை நாங்கள் நம்புவதே இல்லை.

நான் கார்டைச் சோதித்தது எப்போது? ஞாயிறு காலை, ஏர்கான் போட்டு. டீமோடு ஆடுவது எப்போது? சனி சாயங்காலம், ஏர்கானை அணைத்துவிட்டு. எங்கள் ஏர்கான் கிழடு. மைக்கில் லாரி ஓடுகிற மாதிரி கேட்கிறது என்று தனுஜா ஜனவரியில் சொன்னாள், அன்றிலிருந்து ஆட்டம் தொடங்கும்போது அணைத்துவிடுவேன். சூலியா தெருப் பக்கத்துச் சந்தில், இவர் கடைக்கு மேல் மாடியில் எங்கள் வீடு. மேற்கு வெயில் முழுக்க என் சுவரில். சன்னலுக்குக் கீழே பக்கத்து நாசி கண்டார் சோற்றுக்கடை அடுப்பு. அந்த அறையில் ஐந்து மணிக்கு முட்டையே பொரிக்கலாம்.

ஊரான் சிப்பையெல்லாம் சூட்டில் வாட்டியவள், சொந்த மெஷினை ஒரு நாள் வாட்டிப் பார்க்கவில்லை.

20 செப்டம்பர், சனி

மூன்று நாள், தினமும் ஐந்து மணி. ஆள் யாரும் இல்லாத பயிற்சிக் களம். நாற்பது நிமிஷம் ஆடி மெஷினைச் சூடாக்கிவிட்டு, பிறகு நூறு பொம்மை. எத்தனை விழுகிறது என்று எண்ணினேன்.

வியாழன், ஏர்கான் இல்லை. ஐம்பத்தைந்து பொம்மை. கார்டு கொடுத்த படம் நூற்றுப்பத்திலிருந்து அறுபத்து நாலுக்கு இறங்கிவிட்டது.

வெள்ளி, ஏர்கான் போட்டேன். எண்பத்திரண்டு.

கத்தலாம் போல இருந்தது. ஆனால் என் வேலை புத்தி விடவில்லை. சூட்டில் வெந்தது கார்டு மட்டுமா, நானும்தானே? ஏர்கான் என்னையும்தானே குளிர வைத்தது? அதனால் இன்றைக்கு ஏர்கானை அணைத்து, மெஷின் பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றி, மேசை ஃபேனை அதன் வயிற்றுக்கு நேரே வைத்தேன். மெஷினுக்கு மட்டும் காற்று, எனக்கு இல்லை. வியர்வை முழங்கையில் சொட்டியது.

எண்பது.

நான் இல்ல. நான் இல்லவே இல்ல. அதே கண்ணு, அதே கை, அதே நாப்பத்தொண்ணு. எண்பது பொம்மை!

அதே நேரம் அங்கே டீம் ஆடிக்கொண்டிருந்தது, என் இடத்தில் மோகனராஜ். பதிமூன்றுக்குப் பதினொன்று, ஜெயித்துவிட்டார்கள். அவன் நன்றாகத்தான் ஆடுகிறான். ஆடட்டும். எனக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, இப்போது என்ன வாங்க வேண்டும் என்றும் தெரிந்துவிட்டது. ஏர்கானோ ஃபேனோ போட்டாலும் பழைய கார்டு நூற்றுப்பத்துதான், மைக்கிலும் இரைச்சல். எனக்கு வேண்டியது அதிக எண் இல்லை. சூட்டில் இறங்காத எண்.

21 செப்டம்பர், ஞாயிறு

அஸ்லான் என்னை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டான்.

என் பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் அவன் கவுண்டரில் வைத்தேன், கூடவே இவரும். "தம்பி, ரெண்டு கார்டையும் இதுல மாட்டி ஓட்டிக் காட்டு. வாங்குறது எதுன்னு அப்புறம் சொல்றேன்." சிரித்துக்கொண்டே சம்மதித்தான், கடையின் ஏர்கானில். "இங்க இல்ல. பின்னால ஸ்டோர் ரூம் இருக்குல்ல, அங்க. கதவைச் சாத்து."

"அக்கா, அங்க ஃபேன்கூட இல்ல, லா."

"அதான் வேணும்."

"பத்து வருஷமா கடை வெச்சிருக்கேன், யாரும் இப்படிக் கேட்டதில்ல."

"யாரும் என் வீட்டுல குடியிருந்ததில்ல தம்பி."

இரண்டு மணி நேரம் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். இவர் பாலில்லாத ஐஸ் டீ, தே ஓ ஐஸ், வாங்கி வாங்கிக் கொடுத்தார். முதலில் எழுபது. தொடங்கும்போது இருநூற்றுத் தொண்ணூறு, பார்க்கவே ஆசையாக இருந்தது. அஸ்லான் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான். பதினெட்டாவது நிமிஷம் ஆட்டம் காணத் தொடங்கியது. இருநூற்றறுபது, நூற்றுத் தொண்ணூறு, இருநூற்று முப்பது, மறுபடி நூற்றெண்பது. குட்டை உடம்பில் இரண்டு ஃபேன், அந்தச் சூட்டை எங்கே தள்ளும் பாவம்.

பிறகு அறுபது. இருநூற்று நாற்பத்தேழில் தொடங்கியது. இருபதாவது நிமிஷம் இருநூற்று நாற்பத்தாறு. நாற்பதாவது நிமிஷம் இருநூற்று நாற்பத்தைந்து. கோடு போட்ட மாதிரி. என் ஸ்கிரீன் காட்டுவதே இருநூற்று நாற்பது, அதற்கு மேல் வந்து நான் என்ன ஊறுகாயா போடப் போகிறேன்?

அஸ்லான் சட்டை நனைந்து நின்றான். "அக்கா, நான் எழுபதுதான் எல்லாருக்கும் சொல்லிக்கிட்டிருந்தேன்."

"ஏர்கான் ரூம்காரனுக்கு அதையே சொல்லு. தப்பில்ல."

அறுபதை எடுத்துக்கொண்டு வந்தேன். விலையும் எழுபதைவிடத் தொள்ளாயிரம் வெள்ளி குறைவு. ஒன்றுமே புரியாமல் இரண்டு மணி நேரம் கூட உட்கார்ந்திருந்த இவருக்கு, வரும் வழியில் வடையும் வெள்ளரியும் குழம்பில் ஊறிய பசெம்போர் ஒரு தட்டு வாங்கிக் கொடுத்தேன்.

22 செப்டம்பர், திங்கள்

இர்வான் போனில் தலையில் அடித்துக்கொண்டான். "அறுபதாம்மா? ஐயோ, என் பிரண்ட்ஸ்கிட்ட சொல்லிடாதீங்க." பழைய கார்டைக் கழற்றினேன். அதன் இடுக்கில் அடுப்பு எண்ணெயும் தூசியும் சேர்ந்து கம்பளி மாதிரி படிந்திருந்தது. போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பினேன். "உன் ரூமைக் கூட்டின லட்சணம்" என்று போட்டேன். 

27 செப்டம்பர், சனி

ஆட்டம் முடிந்து, மஃரிப் தொழுது, சாப்பிட்டு, இப்போதும் தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில்.

ஏர்கானை அணைத்தேன், வேண்டுமென்றே. சன்னலுக்கு வெளியே நாசி கண்டார் கடைக்காரர் கோழி பொரிக்கத் தொடங்கிவிட்டார். எதிரணி கெடா மாநிலத்துக்காரர்கள், நல்ல டீம். முதல் பாதி ஆறுக்கு ஆறு, நான் எட்டுப் பேரைத் தூக்கினேன். பக்கம் மாறினோம். எல்லாரும் எனக்காகத்தான் காத்திருக்கிறார்கள், நான் எப்போது விழுவேன் என்று.  ஸ்கிரீன் மூலையில் எண்ணைப் பார்த்தேன். இருநூற்று நாற்பத்தாறு. அதற்குப் பிறகு எண்ணைப் பார்க்கவில்லை.

அவன் தோள் தெரிகிறது. தலை வருவதற்கு முன்னால் தோள் வருகிறது, இத்தனை நாள் எனக்கு அது தெரிந்ததே இல்லை. தோள் தெரிந்தால் தலை எங்கே வரும் என்று எனக்குத் தெரியும், ஒன்றரை வருஷ அனுபவம் அது, கார்டு சொல்லிக் கொடுத்ததில்லை. ஒருவன் வந்தான், போனான். இன்னொருவன் வந்தான், போனான். பதினெட்டாவது ரவுண்டில் எங்கள் பக்கம் நான் மட்டும் மிச்சம், அவர்கள் மூன்று பேர். மூன்று பேரும் என் வாசல் வழியாகவே வந்தார்கள். வரக்கூடாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போல.

பதிமூன்றுக்கு எட்டு. இரண்டாம் பாதியில் மட்டும் பதினொரு பேர்.

தனுஜா ஸ்கோரை வாய்விட்டுப் படித்தாள். பிறகு, "பதினொண்ணாந்தேதி நீங்கதான் அக்கா" என்றாள். மோகனராஜ்தான் முதலில் கைதட்டினான். ஸ்டோர் ரூமில் கார்டை வாட்டிய கதையை எல்லாருக்கும் சொன்னேன். அப்புறம் மெதுவாக, "அக்கா, அந்த ஸ்டோர் ரூம் கடை எங்க இருக்கு?" என்று கேட்டான்.

4 அக்டோபர், சனி

இன்றைக்கும் ஜெயித்தோம். இவர் சந்தில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார், என்ன விளையாட்டு என்று கேட்டால்தான் அவருக்குப் பதில் தெரியவில்லை.

11 அக்டோபர், சனி

மூன்று ஆட்டம், மூன்றும் ஜெயம். கடைசி ஆட்டம் ஈப்போ டீமோடு, பதிமூன்றுக்கு நாலு. அடுத்த கட்டத்துக்குப் போகிறோம்.

போகிறோமா என்று தெரியவில்லை. ஆட்டம் முடிந்த பத்தாவது நிமிஷம் ஈப்போ கேப்டன் நடத்துகிறவர்களிடம் புகார் கொடுத்துவிட்டான். வாசலில் நிற்கிற ஆள் மனுஷ வேகத்தில் சுடவில்லையாம். தானாகக் குறிபார்க்கும் திருட்டு சாஃப்ட்வேர் ஓடுகிறதாம். திங்கட்கிழமை நடுவர்கள் முன்னால், கை தெரிகிற மாதிரி வீடியோவில் ஆடிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் முடிவு ரத்து.

தனுஜா கொதித்துப் போய்விட்டாள். "எங்க அக்காவையா திருடின்னு சொல்றானுங்க" என்று ஒரே கத்தல். நான் என்ன செய்தேன்? குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். ஒரு மாசத்துக்கு முன்னால் ஸ்லோ. இன்றைக்கு மனுஷ வேகமே இல்லையாம். என்னை இவ்வளவு அழகாக யாரும் திட்டினதில்லை.

13 அக்டோபர், திங்கள்

இவர் கடையை ஐந்து மணிக்கே பூட்டிவிட்டு மேலே வந்தார். நாற்காலியில் ஏறி நின்று போனை என் கைக்கு மேலே பிடிக்க வேண்டும், அதுதான் அவர் வேலை. இருபது நிமிஷம். "ஆடாம பிடிங்க" என்றேன். "நீதான் ஆடுற, நான் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார். நடுவர் சிரித்தது கேட்டது.

இரண்டு நடுவர்கள். முதலில் மெஷினுக்குள் என்னென்ன ஓடுகிறது என்று பார்த்தார்கள். பிறகு ஆடச் சொன்னார்கள். ஆடினேன். வளையல் சத்தம் மைக்கில் கேட்குமே என்று கழற்றி வைத்திருந்தேன், அதைத் தவிர எதையும் மாற்றவில்லை. அறை வெந்துகொண்டிருந்தது, இவர் வியர்வை என் தோளில் சொட்டியது. பத்தாவது நிமிஷத்தில் போனை இன்னும் கிட்டே கொண்டுவரச் சொன்னார்கள்.

முடித்ததும் ஒருவர் வயசு கேட்டார். நாற்பத்தொன்று என்றேன். "ஆன்ட்டி, நீங்க என் அம்மாவைவிட மூணு வயசுதான் சின்னவங்க" என்றார்.  அம்மாவுக்கு சலாம் சொல்லச் சொன்னேன்.

14 அக்டோபர், செவ்வாய்

வேலையில் இருக்கும்போது நடுவர்களின் கடிதம் போனில் வந்தது. திருட்டு சாஃப்ட்வேர் எதுவும் இல்லை, ஆட்டக்காரரின் வேகம் அவருடைய சொந்தக் கை வேகம்தான், முடிவு நிற்கிறது. "அவருடைய சொந்தக் கை வேகம்" என்ற வரியை இரண்டு தடவை படித்தேன். மூன்று என்றுதான் வைத்துக்கொள்ளேன்.

தனுஜா போன் செய்தாள். "அக்கா, ஸ்லோன்னு சொன்னேன்ல, மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள். பொய் சொல்லப் பிடிக்கவில்லை. "வெச்சுக்கிட்டேன், இப்பத்தான் எடுத்துப் போட்டேன்" என்றேன். சிரித்தாள். அடுத்த கட்டத்தில் இரண்டாம் பாதியில் யார் எங்கே நிற்பது என்பதை நானே சொல்ல வேண்டுமாம்.

சாயங்காலம் ஈப்போ கேப்டனிடமிருந்து ஒரு மெசேஜ். மன்னிப்பு கேட்டிருந்தான், நல்ல பையன்தான். கீழே ஒரு கேள்வி: "அக்கா, என்ன கார்டு போட்டிருக்கீங்க? எண்பதா, அதுக்கும் மேலயா?"

அறுபது என்று அனுப்பினேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் டைப் செய்துகொண்டே இருந்தான்.  நான் போய் சோற்றுக்கு அரிசி களைந்தேன்.